மூன்று மாதம் உடன் தங்கிய தாய்

(மே 31, தூய கன்னி மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழாவன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: லூக்கா 1:39-56)



எங்கள் கோயிலில் ஞாயிறு திருப்பலியில் நற்செய்தி வாசித்து முடிந்து எல்லாரும் உட்காருவார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து நான்கைந்து ஆண்கள் மெதுவாக எழுந்து வெளியே போவார்கள். மறையுரை முடிந்து நம்பிக்கை அறிக்கை தொடங்கும் நேரத்துக்குச் சரியாக உள்ளே வந்துவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எதிரே உள்ள பெட்டிக்கடையில் ஒரு சிகரெட்டோ இரண்டு பீடியோ முடிந்திருக்கும். பீடத்தில் நிற்கிற எங்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறார்கள். தெரியும். அந்தச் சகோதரர்களுக்காகத்தான் இன்றைய மறையுரை. கையில் பீடியோடு வானொலி கேட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, அணைத்துவிடாதீர்கள். திட்டுவதற்காக இன்று பேச வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் ஓர் உதவி கேட்கவும் வந்திருக்கிறோம்.

இன்று மே 31. திருஅவையின் நாள்காட்டியில் இது அன்னை மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நாள்காட்டியில் இதே நாள் உலகப் புகையிலை ஒழிப்பு நாள். 1989 முதல் ஆண்டுதோறும் மே 31 இல் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். இரண்டும் ஒரே நாளில் வருவதை யாரும் திட்டமிடவில்லை. ஆனால் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

இன்றைய நற்செய்தியில் மரியா யூதேய மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். எலிசபெத்தின் வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வயதான காலத்தில் கருவுற்ற அந்த அம்மா ஐந்து மாதமாக வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார் என்று லூக்கா சொல்கிறார். கணவர் செக்கரியாவோ பேச்சிழந்து போனவர். ஆக, பேசுவதற்கு ஆள் இல்லாத வீடு அது. மகிழ்ச்சியும் அச்சமும் சேர்ந்து மனத்தில் கிடந்தும், சொல்லிக்கொள்ள ஒரு காது இல்லை. அந்த வீட்டு வாசலில் வந்து நின்று மரியா முதலில் செய்தது வாழ்த்துச் சொன்னது. குழந்தை துள்ளியது, எலிசபெத்தின் வாய் திறந்தது. மரியாவின் பாடல் பிறந்தது. இதெல்லாம் நாம் அடிக்கடி கேட்கும் பகுதி.

நாம் கேட்காமல் கடந்துவிடுகிற ஒரு வரி கடைசியில் இருக்கிறது. மரியா ஏறக்குறைய மூன்று மாதம் எலிசபெத்தோடு தங்கியிருந்து, பிறகு வீடு திரும்பினார் என்பதே அது. வாழ்த்திவிட்டுப் போய்விடவில்லை. தண்ணீர் எடுத்துத் தந்து, மாவு பிசைந்து, இரவில் அந்த அம்மாவுக்குக் கால் வீங்கியபோது பக்கத்தில் இருந்திருப்பார். கடவுளின் தாய் செய்த அந்தச் சின்ன வேலைகளைப் பற்றி நற்செய்தி ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு காலம் தங்கினார் என்பதை மட்டும் சொல்கிறது.

அன்பார்ந்தவர்களே, வாழ்த்துவது எளிது, தங்குவது கடினம். நாங்கள் வாழ்த்திவிட்டுத் தங்காமல் போன ஒரு கதையை இப்போது சொல்ல வேண்டும்.

எங்கள் பங்கில் ஒரு சகோதரர் இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கேஸ் வைத்து இரும்புத் தகடு வெட்டும் வேலை. பதினேழு வயதில் தொடங்கிய பீடி, நாற்பத்தாறு வயது வரை ஒரு நாளும் விட்டதில்லை. கடந்த ஆண்டு சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். "ஃபாதர், இந்த நாப்பது நாள் பீடி தொடமாட்டேன். அப்படியே விட்டுடுவேன்" என்றார். எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. தோளில் தட்டினோம், ஆசீர் கொடுத்தோம். "மன உறுதி இருந்தால் எல்லாம் முடியும்" என்றோம். அடுத்த ஞாயிறு மறையுரையில் பெயர் சொல்லாமல் அவரை எடுத்துக்காட்டாகவும் சொன்னோம். யார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. எங்கள் பங்குக்கு நாங்கள் செய்தது அவ்வளவுதான்.

அன்று அவருக்கு ஐந்தாவது நாள். மறுநாள் இரவு ஒரு டிரைலர் வந்தது. சரக்கை இறக்கி முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. உடன் வேலை செய்பவர் ஒரு பீடியை நீட்டினார். வாங்கிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்கு வரவில்லை. குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், பாஸ்கா என்று எதற்கும் காணவில்லை. இரவு வேலை போலிருக்கிறது என்று நாங்கள் இருந்துவிட்டோம். செப்டம்பர் 8, ஆரோக்கிய அன்னை விழாவன்று கெபியருகே அவருடைய மனைவியைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. "உங்க முகத்தைப் பார்க்க வெட்கமா இருக்குதாம் ஃபாதர். எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லிட்டீங்க. இப்ப கோயில் தெருவிலயே வராம சுத்திக்கிட்டு வீட்டுக்கு வர்றார்" என்று அழுதார்.

பீடி அவரைக் கோயிலிலிருந்து வெளியேற்றவில்லை. இருபத்தொன்பது வருடம் பீடியோடுதான் அவர் பூசைக்கு வந்தார். அவரை வெளியேற்றியது வெட்கம். அந்த வெட்கத்தைக் கையில் கொடுத்து அனுப்பியவர்கள் நாங்கள். அவருடைய வீட்டுப்படி ஏற எங்களுக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மரியாவோ விரைந்து போனார்.

இதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்படி எங்கள் வாயால் வெட்கப்பட்டு ஒதுங்கிய வேறு யாரேனும் இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடமும் கேட்கிறோம்.

அவர் வீட்டில் உட்கார்ந்து பேசும்போது ஒரு கேள்வி கேட்டார். வடசென்னையில் வாழ்கிற எல்லார் மனத்திலும் இருக்கும் கேள்வி. "இன்னா ஃபாதர், ஊரே புகைதான். கம்பெனி புகை, லாரி புகை, குப்பை எரியுற புகை. எண்ணூர் காத்து அடிச்சா மூக்கைப் பொத்திக்கிறோம். இதுல என்னோட ஒரு பீடியா என்னைக் கொல்லப் போவுது?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. மணலிக்கும் எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் காற்றின் கனம் தெரியும். நல்ல காற்று வேண்டும் என்று நம் மக்கள் மனு எழுதுகிறார்கள், தெருவில் நிற்கிறார்கள். அது நியாயமான போராட்டம். திருஅவையும் அதில் உடன் நிற்க வேண்டும். ஆனால் அந்தச் சகோதரரிடம் நாங்கள் சொன்னது இதுதான்: ஊர்ப் புகையை உள்ளே விடுவதா வேண்டாமா என்று உங்களை யாரும் கேட்பதில்லை. அது ஏற்கெனவே உங்கள் நுரையீரலில் சுமை ஏற்றியிருக்கிறது. ஏற்றிய லாரியின்மேல் இன்னொரு டன் ஏற்றினால் அச்சு முறியும் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் ஏற்றிய சுமையை இறக்கக் காலம் ஆகும். உங்கள் கையால் ஏற்றுகிற சுமையை இன்றைக்கே நிறுத்தலாம்.

இன்னொன்றும் சொன்னோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் சென்னையிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பீட்டோவும், மற்றவர்களும் சேர்ந்து செய்து, 2003 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இறந்துபோன 43,000 ஆண்களையும் உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புகைக்கிறவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று தெரியவந்தது. சிகரெட்டால் புற்றுநோய் வரும், மாரடைப்பு வரும் என்று கேட்டிருக்கிறோம். நம் ஊரில் டி.பி.யும் அந்தப் புகை வழியாக வருகிறது என்பதை இந்த ஆய்வு உலகத்துக்குக் காட்டியது.

அந்த ஆய்வு நடந்த விதம் எங்கள் மனத்தை விட்டுப் போகவில்லை. இறந்தவரிடம் கேட்க முடியாது அல்லவா? ஆகவே வீடு வீடாகப் போய், அவருடைய மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கேட்டார்கள்: அவர் புகைபிடித்தாரா? எத்தனை வருடமாக? நம் நகரத்தின் வாசல்களில் நின்று கேட்கப்பட்ட கேள்வி அது. அந்தக் கேள்வியை யாராவது பத்து வருடம் முன்னால், அவர் உயிரோடிருந்தபோது, அதே வாசலில் அன்போடு வந்து கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? இந்த விழாவன்று நமக்குள் எழ வேண்டிய கேள்வி இதுதான்.

விட வேண்டும் என்று தெரிந்தும் ஏன் விட முடியவில்லை? விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேனே என்று தூய பவுல் உரோமையர் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் புலம்புவது நமக்குத் தெரியும். புகைக்கிறவரின் நிலை ஏறக்குறைய அதுதான். அவர் கோழை அல்லர். நாள் முழுவதும் நெருப்புக்கு முன் நின்று இரும்பு வெட்டுகிறவரைக் கோழை என்று யார் சொல்ல முடியும்? புகையிலையில் உள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. நாளடைவில் மூளை அதைக் கேட்கப் பழகிவிடுகிறது. நிறுத்தியதும் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பசி கூடும், வேலையில் மனம் நிற்காது. முதல் மூன்று நாள்கள் மிகவும் கடுமை. அதன்பின் சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். இந்த நாள்களில் வீட்டில் அவர் சிடுசிடுத்தால் அது குணக்கேடு அல்ல, உடல் திருந்துகிற வலி.

துணையில்லாமல் தனியாக விட முயலும்போது நூறு முயற்சியில் நான்குதான் வெற்றி பெறுகிறது என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். தகுந்த ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் அந்த வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. நாங்களோ அந்தச் சகோதரரை மன உறுதி என்ற ஒன்றை மட்டும் கொடுத்துத் தனியாக அனுப்பினோம். விழுந்தபோது ஆச்சரியப்பட்டோம்.

மன உறுதி வேண்டாம் என்று சொல்லவில்லை. மிதமிஞ்சிய உணவு, மது, புகையிலை ஆகியவற்றைத் தவிர்க்கும் தன்னடக்கத்தைத் திருஅவையின் மறைக்கல்வி 2290 ஆம் எண்ணில் நமக்குக் கற்பிக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஒன்றுக்குத் திருப்பீடம் துணைபோகக் கூடாது என்று 2017 இல் முடிவெடுத்து, 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தினார். அதனால் வந்துகொண்டிருந்த வருமானத்தையும் விட்டுக்கொடுத்தார். விட வேண்டியது என்பதில் ஐயமில்லை. எப்படி விடுவது, யாரோடு விடுவது என்பதுதான் நம் கேள்வி.

இதற்கு நம்மைப்போன்ற ஒரு துறைமுக ஊரின் தொழிலாளியே வழிகாட்டுகிறார். அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரத்தில் 1856 இல் பிறந்தவர் மாட் டால்பட். பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போனார். மதுக்கடைச் சரக்கறையில் வேலை. குடிப்பழக்கம் உடனே தொற்றிக்கொண்டது. பிறகு துறைமுகத்தில் வேலை செய்தார். இருபத்தெட்டு வயது வரை சம்பளம் எல்லாம் குடிக்குப் போயிற்று. 1884 இல் ஒரு சனிக்கிழமை, கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றார். எத்தனையோ முறை அவர் காசில் குடித்த நண்பர்கள் அவரைக் கடந்து உள்ளே போனார்கள். ஒருவர்கூட 'வா' என்று அழைக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய்த் தாயிடம், இனிக் குடிப்பதில்லை என்று வாக்குறுதி எடுக்கப் போகிறேன் என்றார்.

எத்தனை காலத்துக்கு வாக்குறுதி எடுத்தார் தெரியுமா? வாழ்நாள் முழுவதற்கும் அல்ல. மூன்று மாதத்துக்கு. மூன்று மாதம் முடிந்ததும் இன்னும் ஆறு மாதத்துக்கு. அதன்பிறகுதான் வாழ்நாளுக்கு. அந்தத் தொடக்க நாள்களில் பழைய நண்பர்கள் கண்ணில் படாமல் இருக்க, வேலை முடிந்ததும் கோயிலில் போய் உட்கார்ந்துகொள்வார். தினமும் வேலைக்கு முன் திருப்பலிக்குப் போனார். பின்னாளில் புகையிலையையும் விட்டார். குடியை விட்டதைவிட அதுவே கடினமாக இருந்தது என்று அவர் சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகள் உறுதியாக நின்று, 1925 ஜூன் 7 அன்று திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். 1975 இல் திருஅவை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

மரியா எலிசபெத்தோடு தங்கியது மூன்று மாதம். மாட் டால்பட் முதலில் எடுத்த வாக்குறுதி மூன்று மாதத்துக்கு. மருத்துவர்கள் சொல்வதையும் கேளுங்கள். கடைசிச் சிகரெட்டை அணைத்த இருபது நிமிடத்தில் இதயத் துடிப்பு தணியத் தொடங்குகிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்திருந்த நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்குகிறது. இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் இரத்த ஓட்டமும் நுரையீரலின் வேலையும் தேறுகின்றன. பன்னிரண்டு வாரம் என்றால் ஏறக்குறைய மூன்று மாதம். ஓராண்டு முடிந்தால் மாரடைப்பு அபாயம் புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகிறது.

ஆகவே இன்று நாங்கள் கேட்கும் உதவி இதுதான்: புகையை விட நினைக்கிற ஒருவருக்கு உங்கள் மூன்று மாதத்தைக் கொடுங்கள்.

அது எப்படி என்று அந்தச் சகோதரரின் கதையைத் தொடர்ந்தால் புரியும். இந்த ஆண்டு மார்ச் 19 அன்று, புனித யோசேப்பின் விழாவில், மறுபடியும் தொடங்கினார். இம்முறை பீடத்திலிருந்து எந்த அறிவிப்பும் இல்லை. மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மனைவி. இன்னொருவர் சந்தையில் அவரோடு வேலை செய்யும் இளைஞர். அவர் கிறிஸ்தவர் அல்லர், நல்ல நண்பர். மூன்றாமவர் எங்கள் அன்பியத்தில் உள்ள ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. அந்தப் பெரியவர் இருபது ஆண்டுகளுக்கு முன் சிகரெட்டை விட்டவர்.

மனைவிக்குக் கொடுத்த வேலை, கேட்காமல் இருப்பது. "இன்னைக்குப் புடிச்சியா?" என்று தினமும் சட்டையை முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை அவர் விட வேண்டும். இது தமக்குப் பீடியை விடுவதைவிடக் கடினமாக இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பதிலாக ஒரு சின்ன டப்பாவில் கிராம்பும் சுக்கும் போட்டுத் தினமும் சாப்பாட்டுப் பையில் வைத்தார். வேலையிடத்து நண்பரின் வேலை, தாம் பிடித்தாலும் அவருக்கு நீட்டாமல் இருப்பது. சிகரெட் விற்காத ஒரு டீக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி நடந்தாலும் அவரைக் கூட்டிப்போவது. பெரியவரின் வேலை, தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன். "தம்பி, இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" அவ்வளவுதான். அறிவுரை இல்லை. ஒன்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்: "ஆசை வந்தா அஞ்சு நிமிஷம் தள்ளிப்போடு. தண்ணி குடி, நட, ஒரு பத்து மணி செபமாலை சொல்லு. அஞ்சு நிமிஷத்துல அந்த வேகம் இறங்கிடும்." இது உண்மைதான். தவிப்பு அலைபோல எழும்பிச் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. காசிமேட்டு மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழும்பி வருகிற அலையில் படகைக் குறுக்கே விடாமல், அது கடந்துபோகும் வரை நேராகப் பிடித்துக்கொண்டால் போதும்.

அரசு மருத்துவமனைக்கும் அழைத்துப்போனார்கள். மருத்துவர் மார்பைச் சோதித்து, நிகோடின் பசையை எப்படி மெல்லுவது என்று விளக்கினார். மருந்தின் உதவி பெறுவது நம்பிக்கைக் குறைவு அல்ல, அன்பார்ந்தவர்களே. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு செபிக்கிறோம் அல்லவா? அதைப்போலத்தான் இதுவும். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002 முதல் புகையிலைப் பழக்கத்தை விட உதவும் பிரிவு இருக்கிறது. எங்கும் போக முடியாதவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. நடுவண் அரசின் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். எழுதிக்கொள்ள பேனா இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். அந்த எண் சிகரெட் பெட்டியின்மேலேயே அச்சாகியிருக்கிறது. அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்முன் அதைப் பாருங்கள்.

நாற்பதாவது நாள் அவர் விழுந்தார். ஒரு சாவு வீடு. இரவு கண்விழிக்கிறவர்களுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு பீடியும் சிகரெட்டும் வைத்துச் சுற்றிவருகிற பழக்கம் நமக்குத் தெரியும். தட்டு வந்தது, ஒன்றை எடுத்தார். போன ஆண்டாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இம்முறை, ஒன்பது மணிக்குப் பெரியவரின் போன் வந்தது. "அண்ணே, புடிச்சிட்டேன்" என்றார். பெரியவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி. நாளைக்கு என்ன பண்ணப்போற?" என்று மட்டும் கேட்டார். திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டாம் என்றும் முடிவு செய்தார்கள். ஒரு நாள் தவறியது உண்மை. மற்ற முப்பத்தொன்பது நாள்கள் பொய்யாகிவிடவில்லை. மறுநாளை நாற்பத்தொன்று என்று எழுதினார்கள்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் ஆண்டவர் நம்மை நடத்துவதும் இப்படித்தான். நேற்று என்ன ஆயிற்று என்பதைக் கேட்டு, மன்னித்து, நாளைக்கு நம்மை அனுப்பிவைக்கிறார்.

இன்று அந்தச் சகோதரருக்கு எழுபத்து நான்காவது நாள். இன்னும் மூன்று மாதம் நிறைவடையவில்லை. வென்றுவிட்டார் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மறுபடியும் அந்தத் தவறைச் செய்யமாட்டோம். இன்று இரவும் ஒன்பது மணிக்கு அவருக்குப் போன் வரும் என்பதை மட்டும் சொல்கிறோம். பாஸ்கா திருவிழிப்புக்கு அவர் குடும்பத்தோடு வந்திருந்தார். கையில் மெழுகுவர்த்தியோடு பின்வரிசையில் நின்றார். பாஸ்கா திரியிலிருந்து வந்த நெருப்பைப் பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரால் விம்கோ நகர் என்று ஓர் இடத்தையே அழைக்கிற மக்கள் நாம். ஒரு தீக்குச்சியை எதற்கு உரசுகிறோம் என்பதில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டோம்.

அன்பார்ந்தவர்களே, மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறோம்.

புகைக்கிற சகோதரரே, தனியாக விட முயலாதீர்கள். இன்று இரவுக்குள் ஒரே ஒருவரிடம், "நான் விட நினைக்கிறேன், உடன் இரு" என்று சொல்லுங்கள். மாட் டால்பட்டைப்போல மூன்று மாதத்துக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். முன்பு விழுந்திருந்தால் அதற்காகக் கோயிலை விட்டு ஒதுங்காதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமாரே, வாயில் புகையிலை ஒதுக்கும் தம்பிகளே, உங்களுக்கும் இதேதான்.

வீட்டில் இருப்பவர்களே, குறிப்பாகச் சகோதரிகளே, நீங்கள் எவ்வளவு அழுதிருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒரே அறை உள்ள வீட்டில் அந்தப் புகை பிள்ளையின் மூக்குக்கும்தான் போகிறது. பயப்படுவதிலும் கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அவர் விட முயலும் முதல் மூன்று வாரம் மட்டும் அந்தக் கோபத்தை அன்னை மரியாவிடம் கொடுத்து வையுங்கள்.

அன்பியங்களே, விழாக் குழுவினரே, உங்களிடம் ஒரு செயல் வேண்டும். ஒவ்வோர் அன்பியத்திலும் முன்பே புகையை விட்ட ஒருவராவது இருப்பார். அவரைக் கண்டுபிடித்து, விட நினைக்கிற ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். நம் சாவு வீடுகளில் இனித் தட்டில் வெற்றிலை பாக்கு இருக்கட்டும், சிகரெட்டும் பீடியும் வேண்டாம். துக்கத்தில் இருப்பவருக்கு உடன் அமர்கிற ஆள்தான் ஆறுதல்.

செபிப்போமாக. எலிசபெத்தின் வீட்டுக்கு விரைந்து சென்ற அன்னையே, வாழ்த்திவிட்டுத் திரும்பாமல் தங்கியிருந்த தாயே, விட நினைத்தும் விட முடியாமல் தவிக்கிற எங்கள் தந்தையர், சகோதரர், பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் தங்கியிருங்கள். அவர்களுடைய வீட்டு வாசலில் போய் நிற்கும் துணிவை எங்களுக்குப் பெற்றுத் தாருங்கள். அவர்கள் விழுகிற இரவில் எங்களைத் தூங்க விடாதீர்கள். நாங்கள் சுவாசிக்கும் ஒவ்வொரு மூச்சும் இறைவன் தந்தது என்பதை நினைத்து, அதைத் தூய்மையாய்க் காக்க எங்களுக்காக உம் திருமகனிடம் பரிந்து பேசும். ஆமென்.